பாலத்தடி வளைவு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம்தானே? மலைக்குளிர் எலும்பு வரைக்கும் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். நான் பின்னி அனுப்பிய குல்லாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் தலையில் போட்டுக்கொள். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றிப் பேசுகிற வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் உங்கள் சுரங்க முகாமில் இருப்பது ஒரே ஒரு போன், அதையும் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு புதிர் கிடைத்திருக்கிறது, தம்பி. மண்டை காய்கிறது.

நீ மேற்பார்வை பார்த்துப் போட்ட ஆற்றோர சைக்கிள் பாதை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டரில் எந்த இடத்தில் எந்த ஓரம் பெயர்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாலத்திலிருந்து பாதை கீழே இறங்குகிறதே, அந்த இறக்கம் திறந்த சில மாதத்திலேயே மரவேர் தூக்கி வெடித்துவிட்டது. இத்தனை வருஷமாக ஜனங்கள் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு, பிரேக் பிடித்து, நத்தை மாதிரி இறங்கினார்கள். போன அக்டோபரில் அதை உடைத்து வழவழவென்று புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து, இறக்கம் முடிந்து பாதை இடது பக்கம் திரும்புகிற வளைவில் ஆட்கள் விழுகிறார்கள். மூன்று மாதத்தில் பதினோரு பேர். அதற்கு முன்னால் ஒருவர்கூட இல்லை. நான் கெட்டதைச் சரிசெய்தேன், நல்லது கெட்டுவிட்டது. இது எப்படி?

எங்கள் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சரி பண்ணதுக்கு அப்புறம்தாம்மா விழறாங்க. காரணத்தைக் கண்டுபிடிங்க. மே மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலைன்னா பாலத்துலேருந்து ரெண்டு கிலோமீட்டரை மூடிடுவேன்" என்றார். மூடினால் தினமும் எண்ணூறு சைக்கிள் லாரி ரோட்டுக்குப் போக வேண்டும். அந்த ரோட்டில் லாரிகள் வருகிற வரத்து உனக்குத் தெரியும். வளைவில் விழுந்தால் முட்டி பெயரும், அங்கே விழுந்தால் ஆளே இருக்க மாட்டார்.

நீ அங்கேயே கிடந்து வேலை பார்த்தவன். ஏதாவது தோன்றினால் எழுது. உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே பதில் எழுதுகிறேன், பார்த்துக்கொள். இங்கே இருவரும் சௌக்கியம். குல்லாய் தலையில்தான் இருக்கிறது. அது காதையும் கண்ணையும் சேர்த்து மூடுவதால் நேற்று மேஸ்திரிக்குப் பதிலாக ஒரு தூணிடம் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும்.

உன் புதிருக்கு விடை சுலபம். பாசி. பாலத்து நிழல் விழுகிற இடம், ஆற்று ஈரம் வேறு. முன்பு மெதுவாக வந்தார்கள், வழுக்கவில்லை. இப்போது வேகமாக வருகிறார்கள், வழுக்குகிறது. கம்பித் தூரிகையும் சுண்ணாம்புத் தண்ணீரும் போதும். வளைவெல்லாம் வரைபடத்தில் இருந்தபடிதான். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். குனிந்து நீயே தேய்க்க ஆரம்பித்துவிடாதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 3

அன்புத் தம்பி,

இந்தக் கடிதம் உங்கள் இருவரையும் குளிர் விட்ட நேரத்தில் வந்து பார்க்கட்டும். நாங்கள் நலம்.

நீ தேய்க்காதே என்றாய், நானேதான் தேய்த்தேன். பாதை கூட்டுகிறவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் விசில்காரர், சதா விசிலடித்துக்கொண்டே கூட்டுவார். அவரும் நானும் இரண்டு நாள் முட்டி போட்டு உட்கார்ந்து வளைவு முழுவதையும் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். இப்போது அந்தத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதே இடத்தில் விழுந்தார். வெயில், காய்ந்த தரை, பாசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஆகவே நான் ஒரு முக்காலியும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வளைவில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள். போகிற வருகிறவர்கள் நான் ஏதோ சீட்டு விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கண்டுபிடித்தது இது. விழுகிறவர்கள் எல்லோரும் பாலத்துப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் ஒருவர்கூட விழவில்லை. விழுகிற எல்லோரும் ஆற்றுப் பக்கம்தான் விழுகிறார்கள். யாரையாவது கேட்டால், "தெரியலைங்க, யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சு" என்கிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. விசில்காரர் அன்று முழுவதும் விசிலடிக்கவில்லை.

உன் அத்தானையும் ஓட்டச் சொன்னேன். பதின்மூன்று முறை இறங்கினார், ஒரு முறையும் விழவில்லை. ஆனால் அவர் ஓட்டுகிற வேகத்தில் சைக்கிள் நேராக நிற்பதே அதிசயம்.

ஒரு நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாகப் போவாள். யார் விழுந்து கிடந்தாலும் இறங்கி, பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக் காயத்தைக் கழுவிவிட்டுத்தான் போவாள். "என் டியூட்டி ஆஸ்பத்திரில ஆரம்பிக்கலை, உங்க வளைவுலயே ஆரம்பிக்குது. பாதிச் சம்பளம் நீங்கதான் தரணும்" என்றாள். நல்ல வாய். எனக்குப் பிடித்துவிட்டது.

வேறு யோசனை சொல்.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சம்பிரதாயமாக எழுதினால் நீ திட்டுவாய். ஆகவே உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சளி, அவளுக்குப் பல்வலி, மற்றபடி ராஜபோகம்.

ஒன்பது நாள் முக்காலியில் உட்கார்ந்தாயா! உன்னைத் துப்பறியும் இலாகாவில் சேர்த்திருக்க வேண்டும். நான் யோசித்துப் பார்த்தேன். காரணம் வெயில்தான். பாலத்தின் நிழலிலிருந்து சட்டென்று வெளியே வருகிறார்கள், காலைச் சூரியன் ஆற்றில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கிறது. கண் கூசினால் கை ஆடும். ஒரு தட்டி கட்டிப் பார். வெள்ளைக் கோடு போட்ட பெயின்ட்டும் வழுக்கலாம், அதையும் சுரண்டிப் பார். ஒரு கண்ணாடியும் வைக்கலாம்.

இன்னொரு சேதி. இங்கே தரம் பார்க்கிற மேற்பார்வையாளர் வேலைக்கு என் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மே மாதம் முடிவு தெரியும். கிடைத்தால் தகரக் கொட்டகையை விட்டு இரண்டு அறை வீட்டுக்குப் போகலாம். அவள் இப்போதே ஜன்னலுக்குத் துணி அளக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பதின்மூன்று முறை இறங்கிய வீரருக்குத் தனியாக இன்னொன்று.

தம்பி

*

பிப்ரவரி 27

என் அருமைத் தம்பிக்கு,

உன் பெயர் பட்டியலில் வந்ததைப் படித்து உன் அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பட்டியல்தான், வேலை இல்லை என்றால் காதில் வாங்கினால்தானே. உன் சளியும் அவள் பல்லும் இந்நேரம் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

வெயிலும் இல்லை, தம்பி. தட்டி கட்டினேன். அதற்கப்புறம் மூன்று பேர் விழுந்தார்கள், அதில் இரண்டு பேர் மேகம் மூடிய நாளில். பெயின்ட்டைச் சுரண்டினேன். கண்ணாடி வைத்தேன். கண்ணாடியில் எல்லோரும் தலை வாரிக்கொள்கிறார்கள், அதுதான் பலன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. விசில்காரர் கை தவறி ஒரு வாளித் தண்ணீரை வளைவில் கொட்டிவிட்டார். அது நிதானமாக ஊர்ந்து ஆற்றுப் பக்கம் போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு வாளி கொண்டு வந்து கொட்டச் சொன்னேன். அதுவும் ஆற்றுப் பக்கம்தான். எட்டு வாளி கொட்டினோம். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

நீ அந்தக் காலத்தில் வீட்டில் தட்டையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு எனக்கு விளக்குவாயே. தரைக்கு எப்போதும் கொஞ்சம் சாய்வு வேண்டும், அதை நீங்கள் வாட்டம் என்பீர்கள். நேர்ப்பாதையில் வாட்டம் ஆற்றுப் பக்கம், மழைத்தண்ணீர் வடிய. வளைவில் மட்டும் அதைத் திருப்பி உள்பக்கம் வைக்க வேண்டும், அப்போதுதான் சாய்ந்து திரும்புகிற சைக்கிளைத் தரை தாங்கும். இப்படித்தானே சொன்னாய்? அப்படியென்றால் இந்தத் தண்ணீர் ஏன் ஆற்றுப் பக்கம் போகிறது?

பொறியாளரிடம் சொன்னேன். "பழைய பதிவேட்டைப் பாருங்க. வாட்டம் சரின்னு எழுதிக் கையெழுத்து இருந்தா சரிதான். வாளித் தண்ணியை நம்பி நான் கான்கிரீட்டை உடைக்க முடியாது" என்றார். அந்தக் கையெழுத்து என் தம்பியுடையது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ ஒரே ஒரு வரி எழுது. அந்த வளைவில் வாட்டம் எந்தப் பக்கம் வைத்தாய்?

உன் பதிலுக்குத் தபால்காரர் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை கழுத்துவரை. சுரங்கத்தில் ஒரு பக்கம் ஊற்று உடைத்துக்கொண்டது, மூன்று வாரம் பம்பு வைத்து இறைத்தோம். அவளுக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய பல்லைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள், எதற்கென்று கேட்டால் முறைக்கிறாள். மழை இல்லை. காய்கறி வண்டி வாரம் ஒரு முறை வருகிறது, வருவதற்குள் கீரை எல்லாம் தலை சாய்ந்துவிடுகிறது. தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது.

வளைவின் ஆற்றோரக் கம்பிக்கு ரப்பர் சுற்றிவிடு. விழுந்தாலும் அடி படாது. மேலே, "மெதுவாகச் செல்க" என்று பெரிய பலகை வைக்கலாம். வாட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் பதிவேட்டில் இருக்கும்.

நீ ரொம்ப நேரம் வெயிலில் நிற்காதே, அக்கா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த நவம்பரில் வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்பு உன்னுடையது. டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று சொன்னதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. வாளி எல்லாம் விசில்காரர் தூக்கட்டும்.

தம்பி

*

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

நலமாக இரு. நாங்கள் நலம்.

இன்று காலை பதிவேட்டைப் பார்த்தேன். அலமாரியின் அடித்தட்டில், எலி அரித்த கட்டுக்கு நடுவில் இருந்தது. நவம்பர் 14, பாலத்தடி வளைவு, கான்கிரீட் போட்டது, வாட்டம் நேரில் இருந்து பார்த்தது, சரி. கீழே உன் கையெழுத்து. உன் எழுத்து அப்போது இதைவிட அழகாக இருந்திருக்கிறது.

இனி வாட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீ முதலில் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது, பாசியாகத்தான் இருக்கும். மறுபடியும் தேய்க்கிறோம். பலகையும் வைத்துவிட்டேன். ரப்பரும் சுற்றச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதம் உனக்கு நல்ல சேதி வரட்டும். ஜன்னலுக்கு என்ன நிறத் துணி என்று அவளை எழுதச் சொல். உன் அத்தான் நீ நலமா என்று தினமும் கேட்கிறார்.

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எல்லோரும் சௌக்கியம். பூனைக்குட்டிகள்கூடக் கண் திறந்துவிட்டன.

பாசிதான், அக்கா! நான்தான் முதல் கடிதத்திலேயே சொன்னேனே. அதன் வேர் கான்கிரீட்டின் கண்ணுக்குள் போய்விடும், ஒரு முறை தேய்த்தால் போகாது. இங்கே கிடைக்கிற முரட்டுத் தூரிகை இரண்டு தனியாக அனுப்புகிறேன். வாரம் ஒரு முறை தேய்க்கச் சொல். பலகை வைத்தது ரொம்ப நல்ல காரியம்.

ஜன்னலுக்கு நீல நிறத் துணியாம். எனக்குப் பச்சைதான் பிடிக்கும், ஆனால் என் வார்த்தைக்கு அங்கே என்ன மரியாதை இருக்கிறது என்று உனக்கே தெரியும். கோடையில் ஒரு வாரம் நீயும் அத்தானும் வாருங்கள். இரண்டு அறை கிடைத்தால் ஒன்று உங்களுக்கு.

தம்பி

*

ஏப்ரல் 29

தம்பி,

நேற்று முன்தினம் காலை நர்ஸம்மா விழுந்துவிட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டதாம், வேகமாக இறங்கியிருக்கிறாள். ஆற்றோரக் கம்பியில் போய் மோதினாள். தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ரப்பர் சுற்றத்தான் செய்திருந்தேன். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

நான் அங்கேதான் இருந்தேன். மற்றவர்கள் காயத்தைக் கழுவுகிறவளுக்குக் கழுவ யாரும் இல்லை. அவள் பையிலிருந்தே பஞ்சை எடுத்து நான் துடைத்தேன். "மெதுவா... அப்படி இல்லை, வெளியிலேருந்து உள்ள துடைக்கக் கூடாது" என்று அந்த வலியிலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இனி வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நோயாளியைத் தூக்க முடியாத நர்ஸை ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பொறியாளர் ஜூன் ஒன்றாம் தேதி பாதையை மூட உத்தரவு தயாராக வைத்திருக்கிறார்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்கா

*

மே 6

பாதைப் பராமரிப்புப் பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

ஆற்றோர சைக்கிள் பாதை போடும்போது அங்கே மேற்பார்வையாளனாக வேலை பார்த்தவன் நான். பாலத்தடி வளைவு குறித்த பதிவேட்டில் நவம்பர் 14 அன்று "வாட்டம் நேரில் இருந்து பார்த்தது, சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அது பொய். அன்று நான் அந்த இடத்தில் இல்லை. சொந்த வேலையாக வெளியே போயிருந்தேன்.

முதல் நாள் மாலை மேஸ்திரியிடம், "இன்னிக்கு மாதிரியே நாளைக்கும் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் நாள் போட்டது நேர்ப்பாதை. வளைவுக்கு வாட்டத்துக்கான அளவுப் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும் என்று சொல்ல மறந்தேன். அவர் நான் சொன்னபடியே, முந்தின நாள் மாதிரியே போட்டார். அவர் மேல் தவறில்லை. மறுநாள் நான் வந்தபோது ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்க்காமல் முந்தின தேதியில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்துச் சாக்கை எடுத்த அன்று மழை பெய்தது. தண்ணீர் ஆற்றுப் பக்கம் ஓடியதைப் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு இறக்கம் வெடித்து, எல்லோரும் மெதுவாக வந்ததால் யாரும் விழவில்லை. நான் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வளைவை உடைத்து, வாட்டத்தை உள்பக்கம் வைத்துப் போட்டால் யாரும் விழ மாட்டார்கள். பாதையை மூட வேண்டாம். இந்தக் கடிதத்தின் நகலை நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மேற்பார்வையாளன்

(அக்கா, இது உனக்கு ஒரு நகல். பாசி, வெயில் என்று நான் உன்னிடம் விட்ட கதையெல்லாம் உனக்கு இப்போது புரிந்திருக்கும். உன்னை இரண்டு நாள் முட்டி போட்டுத் தேய்க்க வைத்தேன். அந்தத் தேதி உனக்கு ஞாபகம் வராமல் போனது நல்லதாயிற்று. நான் எங்கே போயிருந்தேன் என்று பொறியாளர் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. உன் தலையில் அதைச் சுமக்க வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.)

*

ஜூன் 15

என் தம்பிக்கு,

உன்னையும் அவளையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அவள்தான் எழுதியிருந்தாள். நீ எழுதவில்லை. நீலத் துணியைக் கொட்டகைக்கே மாட்டிவிட்டாளாம், வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். அவளுக்கு என் அன்பைச் சொல். உன் அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

முதலில் வேலை. பாதையை மூடவில்லை. பொறியாளர் உன் கடிதத்தை மூன்று முறை படித்தார். "இப்படி எழுதித் தர்ற ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார். பிறகு, "அன்னிக்கு என்ன அப்படி ஒரு சொந்த வேலை?" என்று கேட்டார்.

நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. "என் பக்கத்துல இருந்தான் சார். எனக்கு அன்னிக்கு ஆபரேஷன். வீட்டுக்காரர் வெளியூர்ல மாட்டிக்கிட்டார், மறுநாள்தான் வந்து சேர்ந்தார். காலையிலேருந்து ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தது இவன் ஒருத்தன்தான்" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

தம்பி, தேதி எனக்கு ஞாபகம் வரவில்லை என்று நீ நினைத்தாய். தன் வயிற்றைக் கிழித்த தேதியை யாராவது மறப்பார்களா? ஏப்ரல் 10 காலை பதிவேட்டைத் திறந்ததும், நவம்பர் 14 என்று பார்த்த அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மத்தியானம் சாய்வு பார்க்கிற ரசமட்டம் வாங்கிக்கொண்டு போய் வளைவில் வைத்தும் பார்த்தேன். வாட்டம் ஆற்றுப் பக்கம்தான், ஐயமே இல்லை. மூன்று மாதமாகத் தேடிய விடை என் கையில் இருந்தது. அன்று மாலை உட்கார்ந்து, பாசியாகத்தான் இருக்கும் என்று உனக்குக் கடிதம் எழுதினேன்.

உனக்கு இரண்டு அறை வீடு கிடைக்கட்டும், மே மாதம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பலகை வைத்தேன், ரப்பர் சுற்றினேன். தினமும் காலையில் ஆறரை மணிக்கு நர்ஸம்மா இறங்கி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிரேக் பிடி, பிரேக் பிடி என்று மனதுக்குள் சொல்வேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை. பதினேழு நாள் அப்படி நின்றேன். ஏப்ரல் 27 அன்று அவள் பிரேக் பிடிக்கவில்லை.

நீ வெகு காலம் முன்பு செய்த தவற்றை உன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய். நான் செய்தது உன்னுடையதைவிட மோசம். நீ பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய். நான் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. இதையும் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நியாயம்தான்.

வளைவைப் போன மாதக் கடைசியில் உடைத்தார்கள், இந்த மாதம் மூன்றாம் தேதி புதிதாகப் போட்டார்கள். கான்கிரீட் போட்டு முடித்ததும் பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள். நான் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, ஓரமாகப் பலகை மேல் படுத்து, ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். கான்கிரீட் வண்டிக்காரர், "அம்மா, கையெழுத்து ஒண்ணுதானே பாக்கி" என்று கத்திக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் காக்க வைத்தேன். ஓர் இடத்தில் விரல்கடை குறைந்திருந்தது, சரிசெய்ய வைத்த பிறகுதான் போட்டேன்.

நேற்று நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை பாதி உயரம்தான் போகிறதாம். அவளை மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உன்னுடையது, என்னுடையது, இரண்டையும். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ உங்க தம்பிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"ஆமா."

"நான் தினமும் உங்களைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனேன்."

"ஆமா."

"ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க?"

"நான்தான்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "கட்டு அவிழ்த்ததும் நான் அந்தப் பாதையிலதான் திரும்பப் போகணும், எனக்கு வேற வழி இல்லை. புது வளைவுல மொதல்ல நீங்க இறங்குங்க. நான் பாலத்து மேல நின்னு பார்க்கிறேன்" என்றாள். வாசல் வரைக்கும் வந்தவள் இன்னொன்றும் சொன்னாள். "பிரேக் பிடிக்காம."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சைக்கிளில் வேகமாக இறங்கி இருபது வருஷம் இருக்கும், உடம்பும் தைத்த உடம்பு.

நாளைக் காலை ஆறரை மணிக்கு. நீ நன்றாகச் சாப்பிடு, அவளோடு சண்டை போடாதே, எனக்குப் பதில் எழுது. பயமாக இருக்கிறதா என்று கேட்டு எழுதாதே, இருக்கிறது. ஆனால் அந்த வளைவுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரேக் பிடிக்க மாட்டேன்.

உன் அக்கா